காலையில் ஆறு, பின்னேரம் நகரம்: மூதூரையும் திருகோணமலையையும் குடும்பத்தோடு ஒரே நாளில் பார்ப்பதற்கான வழிகாட்டி

திருகோணமலைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் பெரும்பாலானோர் கோணேசர் கோயில், நிலாவெளிக் கடற்கரை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் என்ற மூன்றையும் ஒரே நாளில் ஓடியோடிப் பார்த்துவிட்டு, களைத்துப்போன பிள்ளைகளோடு இரவிலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். நகரத்துக்கு எதிரே விரியும் கொட்டியாரக் குடாவின் தென்கரைப் பக்கம் அவர்களில் மிகச் சிலரே போகிறார்கள். இலங்கையின் மிக நீளமான ஆறாகிய மாவலி கங்கை, மத்திய மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவந்து கடலோடு கலப்பது அந்தக் கரையில், மூதூருக்கு அருகில். நகரத்துக்கு நெல்லும் தயிரும் மீனும் தலைமுறை தலைமுறையாக வந்ததும் அங்கிருந்துதான். கோணேசர் கோயிலுக்குக் கடமைப்பட்ட பழைய பற்றுகளில் (நிலப்பிரிவுகளில்) கொட்டியாரப்பற்றும் ஒன்று என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கரையைக் காணாமல் இந்தக் கரையை மட்டும் பார்த்துவிட்டுப் போவது பாதிப் பயணம் என்பது விளங்கும்.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்: விடியற்காலையில் நகரத்தை விட்டுப் புறப்பட்டு மூதூருக்குச் செல்லுங்கள், முற்பகலில் கிண்ணியா வழியாகத் திரும்புங்கள், வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் நிழலிலோ ஆழமில்லாத கடலிலோ இருங்கள், வெயில் தாழ்ந்த பின்னர் நகரத்துக்குள் வாருங்கள். இந்த ஒழுங்கை மாற்றி, காலையில் கோயிலும் மத்தியானத்தில் ஆறும் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கெட்டுவிடும். ஆற்றோரத்தில் நண்பகலில் நிற்க நிழல் கிடைப்பது அரிது. கோயிலுக்குப் பின்னேரம் செல்வோருக்கோ பூசை, கடற்காற்று, மலை உச்சியிலிருந்து காணும் காட்சி ஆகிய எல்லாமே ஒருங்கே வாய்க்கும். காலையில் மட்டும் வருகிறவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

எந்த மாதத்தில் செல்வது

கிழக்குக் கரையின் மழைக்காலம் ஒக்டோபர் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை நீடிக்கும். அந்த மாதங்களில் மாவலியின் கீழ்ப்பகுதி அடிக்கடி பெருக்கெடுக்கும். தாழ்ந்த வயல் நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கும். வீதியின் சில பகுதிகளில் நீர் குறுக்கறுத்துப் பாயும். வாடைக் காலத்துக் கடலும் பிள்ளைகளை இறக்கக்கூடிய கடல் அல்ல. சித்திரை முதல் புரட்டாதி வரையான காலத்தில் கடல் அமைதியாக இருக்கும். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று உடலின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்பதையும், நண்பகலில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டும் நாள்கள் பல என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கைக்குழந்தையோடும் வயதானவர்களோடும் வருகிறவர்களுக்கு மாசி, பங்குனி மாதங்களே நல்லவை: மழை ஓய்ந்திருக்கும், வயல்களில் பசுமை எஞ்சியிருக்கும், வெயிலும் இன்னும் கடுமையாகியிராது. பங்குனி உத்தரத்தை ஒட்டிக் கோணேசர் கோயில் திருவிழா நடைபெறும்போது நகரத்தில் தங்குமிடம் கிடைப்பது கடினம். விழாவுக்கென்றே வருகிறவர்கள் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

கிழமையையும் பார்க்க வேண்டும். மூதூரிலும் கிண்ணியாவிலும் முஸ்லிம் மக்களே பெரும்பான்மையாக வாழ்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகள் பூட்டப்பட்டிருக்கும்; நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் சாப்பாட்டுக் கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை. நோன்புக் காலத்தில் இப்பக்கம் வருவதானால், பிள்ளைகளுக்கான உணவை நகரத்திலேயே கட்டிக்கொண்டு வந்து, கடைத்தெருவில் வைத்து உண்ணாமல் வாகனத்துக்குள்ளோ ஒதுக்கமான இடத்திலோ கொடுப்பதுதான் பண்பு.

புறப்படும் முன்

முதல் நாள் இரவே நகரத்தில் தங்கிவிடுவதை நான் வலியுறுத்திச் சொல்வேன். கண்டியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ அதிகாலையில் புறப்பட்டு, வந்த களைப்போடே மூதூருக்குப் போனால் பிள்ளைகள் வாகனத்துக்குள்ளேயே உறங்கிவிடுவார்கள். பெற்றோலையும் ரயர்களின் காற்றையும் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு பெரிய போத்தல் தண்ணீர், தொப்பி, குடை, இரண்டு துவாய், பிள்ளைகளுக்கு மாற்றுடை, கோயிலுக்கு வேட்டியும் முழங்காலுக்குக் கீழே தாழ்ந்த உடையும், குப்பையைப் போட ஒரு பை, பிற்பாடு சொல்லப்போகும் தயிர்ச் சட்டிக்காக ஒரு பழைய சேலைத் துண்டு ஆகியவை போதும். நாள் முழுவதும் ஓடும் தூரம் நூறு கிலோமீற்றர் அளவுக்குள்தான் இருக்கும். ஆதலால் விரைந்து ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. ஊர்மனைகளுக்குள் மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளியே 70 கிலோமீற்றரும் சட்டம் வகுத்த எல்லை. ஆனால் மாடும் ஆடும் வீதியில் படுத்திருக்கும் இந்தப் பாதையில் அந்த எல்லையைத் தொடாமலே போவது நல்லது.

குடாவைச் சுற்றிச் செல்லும் வீதி

காலை ஆறரை மணிக்குள் நகரத்தை விட்டுக் கண்டி வீதியில் இறங்குங்கள். சீனன்குடாப் பக்கம் திரும்பி, விமானத் தளத்தைக் கடந்து, வெள்ளைமணல் வழியாகக் கிண்ணியாவை அடையும் இவ்வீதிதான் மட்டக்களப்பு வரை கரையோரமாகச் செல்கிறது. சீனன்குடாவில் காட்டுக்கு நடுவே, பிரித்தானியர் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தம் கடற்படைக்காகக் கட்டத் தொடங்கிய பெரிய எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைக் குண்டுவீசித் தாக்கியதற்கு இந்தத் துறைமுகமும் இத்தகைய வசதிகளுமே காரணம். வரலாற்றுப் பாடம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் ஓடும் வாகனத்திலேயே இதைச் சொல்லிவிடலாம். இப்பகுதியில் இறங்கிப் படம் எடுப்பதற்கு நிற்க வேண்டாம். படையினரின் இடங்கள் பல இருப்பதால் வீண் விசாரணைக்கு இடமாகும்.

இவ்வீதியின் அருமை இன்று ஓட்டிச் செல்கிறவர்களுக்கு எளிதில் தெரியாது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று வரிசையாக வரும் துறைகளில் முன்பு பாலங்கள் இல்லை. ஒவ்வொரு துறையிலும் வாகனத்தைப் பாதை எனப்படும் மிதவையில் ஏற்றி அக்கரைக்கு இழுத்துச் செல்ல வேண்டும். பாதை அக்கரையில் நின்றால் வெயிலிலோ மழையிலோ காத்திருக்க வேண்டும். மூதூர் மக்கள் வீதியை நம்பாமல் இறங்குதுறையிலிருந்து மோட்டார்ப் படகில் குடாவைக் கடந்தே நகரத்துப் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கச்சேரி என்ற மாவட்டச் செயலகத்துக்கும் போய்வந்தார்கள். 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் மற்றைய துறைகளுக்கும் பாலங்கள் வந்த பின்னரே இது தடையில்லாத வீதியாக ஆயிற்று. பாட்டனோ பாட்டியோ உடன் வருகிறார்களானால், பாதையில் கடந்த நாள்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். அவர்களுடைய சொற்களில் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

போகும்போது கிண்ணியாவில் நிற்காதீர்கள். காலை ஒளியில் பார்க்க வேண்டியது கங்கைப் பாலம். பாலத்தின் மேல் வாகனத்தை நிறுத்துவது ஆபத்து. ஆதலால் பாலத்தைக் கடந்து, வீதியோரத்தில் போதிய அகலம் உள்ள இடத்தில் நிறுத்திவிட்டு, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வாருங்கள். மலைநாட்டில் பாறைகளுக்கிடையே இரைந்து பாயும் மாவலியைப் பேராதனையிலோ கண்டியிலோ பார்த்தவர்களுக்கு இங்கே வேறோர் ஆறு தெரியும். அகன்று, தணிந்து, மண்ணின் நிறத்தைச் சுமந்துகொண்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று சட்டென்று சொல்ல முடியாதபடி அது செல்கிறது. ஓட்டத்தை அறிய வேண்டுமானால் நீரில் மிதந்து வரும் ஆற்றுவாழைக் கொத்து ஒன்றைப் பார்த்துக்கொண்டிருங்கள். கரைக்கு அருகே வருவது மெதுவாகச் சுழன்று தயங்கும். நடு ஆற்றில் வருவதோ நேராகவும் விரைவாகவும் பாலத்துக்குக் கீழே மறையும். கரையோரச் சேற்றில் எருமைகள் கழுத்தளவு அமிழ்ந்து கிடக்க, அவற்றின் முதுகில் கொக்குகள் நிற்பதும் இந்த நேரத்தில்தான் தெளிவாகத் தெரியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாவலியின் கீழ்ப்பகுதியிலும் வெருகல் ஆற்றிலும் முதலைகள் உண்டு. ஊரவர்கள் சில துறைகளில் குளிப்பதைக் கண்டு, நாமும் இறங்கினால் என்ன என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களுக்கு எந்த இடத்தில் எந்த நேரத்தில் இறங்கலாம் என்பது தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. கை கழுவுவதற்கோ கால் நனைப்பதற்கோ கூட நீரின் விளிம்புக்குப் போக வேண்டாம். பிள்ளைகளைக் கரையிலிருந்து பத்தடிக்கு அப்பாலேயே நிறுத்துங்கள். குளிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு மத்தியானத்தில் கடல் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஆற்றோரத்தில் அடம்பிடிக்க மாட்டார்கள்.

மூதூரில்

எட்டு மணியளவில் மூதூர்க் கடைத்தெருவில் காலைச் சாப்பாட்டுக்கு இறங்கலாம். இடியப்பமும் சொதியும் சம்பலும், அல்லது பரோட்டாவும் மீன்கறியும், சூடான தேத்தண்ணீரும் எந்தக் கடையிலும் கிடைக்கும். கண்ணாடிப் பெட்டியில் முதல் நாள் இரவிலிருந்து இருக்கும் பலகாரத்தை விட்டுவிட்டு, ஆட்கள் நிறைந்திருக்கும் கடையைத் தேர்ந்து, அப்போது அவித்து இறக்குவதை வாங்கி உண்ணுங்கள். மலசலகூடத்தையும் சாப்பாட்டுக் கடையிலேயே பயன்படுத்திக்கொள்வது நல்லது. கிண்ணியா வரும்வரை வழியில் வசதியான இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

சாப்பிட்ட பின்னர் இறங்குதுறைப் பக்கம் நடந்து செல்லுங்கள். எதிரே, குடாவுக்கு அப்பால், திருகோணமலைக் குன்றுகள் நீல நிறத்தில் தெரியும். காலையில் வலை கழற்றும் மீனவர்கள் அங்கே இருந்தால், ஒதுங்கி நின்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டு படம் எடுங்கள். வீதி வழியாக வளைந்து வந்த தூரத்தையும், கண்ணுக்கு நேரே கடலுக்கு மேலாகத் தெரியும் தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால், குடாவின் வடிவம் எந்த வரைபடத்தையும்விடத் தெளிவாகப் பிள்ளைகளின் மனத்தில் பதியும்.

மூதூருக்கு உலகம் அறிந்த கதை ஒன்று உண்டு. 1659ஆம் ஆண்டு புயலில் பாய்மரம் முறிந்த ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், புதுப் பாய்மரம் செய்துகொள்வதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்சையும் மாலுமிகள் சிலரையும் பிடித்துச் சென்றார்கள். தந்தை சிறையிருப்பிலேயே காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழ 19 ஆண்டுகள் கண்டி இராச்சியத்துக்குள் தங்கவைக்கப்பட்டு, 1679இல் காடுகள் வழியாகத் தப்பி மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலே கண்டி இராச்சியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட முதல் விரிவான பதிவு. அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில் 1893ஆம் ஆண்டு நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. இடத்தைக் கடைத்தெருவில் பெரியவர் ஒருவரிடம் விசாரித்துச் செல்லுங்கள். விசாரிக்கும்போது கிடைக்கும் பேச்சு அந்தக் கல்லைவிடப் பல தடவை பெறுமதியாக இருக்கும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்தக் கதையை முதல் நாள் இரவே சொல்லிவைப்பது நல்லது. கதை தெரியாமல் போனால் பார்க்க அங்கே அதிகம் இல்லை.

ஊர் மக்களோடு பேசும்போது ஒரு கவனம் வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையில் மூதூரும் கிண்ணியாவும் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. 2006ஆம் ஆண்டு நடுப்பகுதியில் மாவிலாறு அணைக்கட்டை ஒட்டி அரச படையினருக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே தொடங்கிய சண்டையில் தமிழரும் முஸ்லிம்களுமாக இப்பகுதி மக்கள் பல்லாயிரக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். பார்க்க வந்த நாம் கிளறிக் கேட்கக் கூடாது. அதேவேளை, வளர்ந்த பிள்ளைகளுக்கு இவை நடந்தன என்பதைப் பெற்றோர் சொல்லாமல் விடுவதும் சரியன்று என்பது என் எண்ணம்.

மூதூருக்குத் தெற்கே கிளிவெட்டி வழியாக வெருகல் வரை போய், ஆற்றங்கரையில் இருக்கும் சித்திர வேலாயுத சுவாமி கோயிலையும் பார்த்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்களுக்கு அது வழியிலேயே இருப்பதால், அவர்கள் விடியற்காலையில் அங்கே வணங்கிவிட்டு மூதூருக்கு வரலாம். நகரத்திலிருந்து போகிறவர்கள் அதையும் இந்த நாளுக்குள் சேர்த்தால் பின்னேரம் கோணேசர் கோயில் இருக்கும் கோணமலைக்கு நேரம் போதாது.

தயிர் வாங்கும் முறை

மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பகுதிகளின் எருமைத் தயிருக்கு இலங்கை முழுவதும் பெயர் உண்டு. அதை வாங்காமல் திரும்புகிறவர்கள் இந்தப் பயணத்தின் நல்ல பகுதி ஒன்றை இழக்கிறார்கள். வீதியோரத்தில் மண்சட்டிகள் அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் வாங்கும்போது, வெயில் படும் முன்வரிசைச் சட்டியை எடுக்காமல் நிழலில் இருக்கும் சட்டியைக் காட்டச் சொல்லுங்கள். மேலே மூடிக் கட்டிய தாளை அவிழ்த்துப் பார்ப்பதற்கு விற்பவர்கள் பொதுவாக மறுப்பதில்லை. மேற்பரப்பில் இளமஞ்சள் நிற ஆடை சுருங்காமல் படர்ந்திருக்க வேண்டும். சட்டியை மெல்லச் சரித்தால் தயிர் ஒரே கட்டியாக அசையாமல் நிற்க வேண்டும். விளிம்போரம் தண்ணீர் திரண்டு ஓடினால் அது பழையது, அல்லது குலுங்கியது. நேற்று உறை ஊற்றியதா என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு மேற்பட்டது புளிப்பேறியிருக்கும்; புளிப்பை விரும்புகிறவர்களுக்கு அது குறையன்று, பிள்ளைகளுக்குத்தான் பிடிக்காது.

வாங்கிய சட்டியை இருக்கையில் வைக்க வேண்டாம். மடியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். கொண்டுவந்த சேலைத் துண்டைச் சும்மாடு போல வட்டமாகச் சுற்றி, வாகனத்தின் தரையில், முன் இருக்கைக்குப் பின்னால் வைத்து, அதன் மேல் சட்டியை அமர்த்துங்கள். வளைவுகளிலும் பள்ளங்களிலும் அது அசையாது. மண்சட்டியில் ஈரம் கசிவது இயல்பு. அந்தக் கசிவே தயிரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது என்பதால் பொலித்தீனால் இறுக்கிச் சுற்றிவிடக் கூடாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னர் சீனியோ கித்துள் பாணியோ விட்டு எல்லோரும் உண்ணலாம். ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமானால் புறப்படும் நாளில் வேறொரு சட்டி வாங்குவதே முறை.

கிண்ணியாவும் மத்தியான ஓய்வும்

பத்தரை மணியளவில் கிண்ணியாவுக்குத் திரும்பிவிடலாம். பாலத்துக்கு அருகே கரையோரத்தில் இறங்கி, உள்ளே விரியும் தம்பலகாமக் குடாவையும் வெளியே திறக்கும் கொட்டியாரக் குடாவையும் ஒருசேரப் பாருங்கள். வற்று நேரமானால் ஆழமில்லாத இடங்களில் பெண்கள் குனிந்து மட்டி பொறுக்குவதைக் காணலாம். படகில் ஏற்றிக் களப்பைச் சுற்றிக் காட்டுவதாக யாரேனும் அழைத்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருந்தால் மட்டும் ஏறுங்கள். 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அமைதியாகத் தெரியும் களப்பு நீரில் நடந்த விபத்து அது. அங்கி இல்லையென்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

சாப்பாட்டைக் கிண்ணியாவிலேயே முடித்துக்கொள்ளலாம், அல்லது பார்சலாகக் கட்டிக்கொண்டு சீனன்குடாவுக்கு அருகிலுள்ள மாபிள் கடற்கரைக்குப் போகலாம். விமானப் படையின் பராமரிப்பில் இருக்கும் இக்கடற்கரைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அதற்கு ஈடாக நிழலும், உடை மாற்றும் இடமும், குளிப்பதற்கு அலை குறைந்த தெளிந்த நீரும் கிடைக்கும். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு நிலாவெளியைவிட இதையே நான் பரிந்துரைப்பேன்: கரை மெல்லச் சரிந்து இறங்குகிறது, மூதூர் வீதிக்கு அண்மையிலேயே இருப்பதால் நேரமும் வீணாகாது. ஆயினும் நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை பிள்ளைகளை நீருக்குள் விடாமல், நிழலில் பாய் விரித்து உறங்கவையுங்கள். இந்த இரண்டு மணித்தியால உறக்கம் இல்லாவிட்டால் பின்னேரம் மலை ஏறும்போது அவர்களைத் தூக்கிச் சுமக்க நேரிடும்.

கோணமலையில் பின்னேரம்

நான்கு மணியளவில், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் பிரெட்றிக் கோட்டை வாசலுக்கு வந்துசேருங்கள். உள்ளே நுழையும் முன் வாசற்கற்களை நின்று பார்க்க வேண்டும். அவற்றுள் ஒரு கல்லில் இரண்டு கயல்மீன்கள் செதுக்கப்பட்டிருக்கும். குளக்கோட்டன் என்ற அரசனின் கோயில் திருப்பணியையும் பறங்கியர் (போர்த்துக்கேயர்) அதைப் பிரிப்பார்கள் என்பதையும் சொல்லும் தமிழ்ச் செய்யுளின் எழுத்துகளும் அங்கே தேய்ந்துபோன நிலையில் உள்ளன. 1620களின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே இக்கோட்டையைக் கட்டினார்கள் என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று வேண்டியதில்லை. பலர் இந்தக் கல்லைத் திரும்பியும் பாராமல் வாகனத்திலேயே கடந்து போய்விடுகிறார்கள். பிள்ளைகளை இறக்கி, மீன்களைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கோட்டை 1639இல் ஒல்லாந்தரிடமும், இடையில் சிறிது காலம் பிரெஞ்சுக்காரரிடமும், 1795இல் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. இப்போதும் உள்ளே படைமுகாம் இருப்பதால் அதைப் படம் எடுக்கக் கூடாது. கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் ஆட்களுக்கு அஞ்சாமல் உலாவும். அவற்றுக்கு பிஸ்கட், பாண் முதலியவற்றை நீட்ட வேண்டாம். வெறும் பொலித்தீன் பையைக் கூட உப்புச்சுவைக்காகத் தின்று மாண்டுபோன மான்கள் உண்டு. குப்பைப் பையை வாகனத்துக்குள்ளேயே வையுங்கள்.

கோயிலுக்குச் செல்லும் ஏற்றத்தில் இருபுறமும் கடைகள் இருக்கும். வாங்க வேண்டியதைத் திரும்பும்போது வாங்கலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நேரே மேலே போங்கள். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே செல்வது வழக்கம். திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் இது. இடிக்கப்பட்ட பின்னர் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கோயிலின்றி, பாறை உச்சியில் பூவும் தீபமும் இட்டு மக்கள் வணங்கி வந்தார்கள். 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்கடியிலிருந்து சோமாஸ்கந்தர் முதலிய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் கடலுக்கடியில் பழைய கோயிலின் தூண்களும் இலிங்கமும் காணப்பட்டன. 1963இல் இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. வழிபாட்டுக்குப் பின்னர் இராவணன் வெட்டுப் பக்கம் வாருங்கள். ஏறத்தாழ நூறு மீற்றர் செங்குத்தாகக் கடலில் இறங்கும் பாறை அது. கைப்பிடி வேலிக்கு மேல் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தெற்கே பார்த்தால் குடாவின் அக்கரை நீண்ட கோடாகத் தெரியும். காலையில் அங்கிருந்து இந்த மலையைப் பார்த்ததைப் பிள்ளைகள் தாங்களாகவே நினைவுபடுத்திக்கொள்வார்கள்.

மலையிலிருந்து இறங்கி, இருட்டுவதற்கு முன்னர் ஒல்லாந்தர் குடாக் கடற்கரையில் ஒரு மணித்தியாலம் இருக்கலாம். நகர மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து காற்று வாங்கும் இடம் இது. இறால் வடையும் கச்சான் கடலையும் அங்கேயே கிடைக்கும். பின்னர் டொக்யார்ட் வீதியில் உள்ள பத்திரகாளி அம்மன் கோயிலை மாலைப் பூசையின்போது பார்த்துவிட்டு, அருகிலேயே இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம். கடற்படை அருங்காட்சியகமும் உப்புவெளிப் போர்க்கல்லறையும் பகலில் பார்க்க வேண்டியவை. புறாமலைத் தீவுக்குப் படகு ஏற ஒரு முழு முற்பகல் தேவை. கன்னியாவுக்கும் நிலாவெளிக்கும் வேறொரு நாளை ஒதுக்குங்கள்.

திரும்புவது

அன்றிரவே கண்டிக்கோ கொழும்புக்கோ புறப்படாதீர்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியில் இருட்டியதும் யானைகள் வீதியைக் கடக்கின்றன. சோர்ந்த சாரதியும் உறங்கும் பிள்ளைகளுமாக அந்த வழியில் ஓடுவது தேவையற்ற துணிவு. இரவு நகரத்தில் தங்கி, மறுநாள் காலை கண்டி வீதியில் செல்லும்போது தம்பலகாமத்துக்குத் திரும்பி ஆதிகோணநாயகர் கோயிலை வணங்குங்கள். போர்த்துக்கேயர் காலத்தில் கோணமலையிலிருந்து காப்பாற்றிக் கொண்டுசெல்லப்பட்ட திருமேனிகளுக்காக எழுந்த கோயில் என்பதால், முதல் நாள் பார்த்ததன் தொடர்ச்சியாகவே அது அமையும். ஊருக்குக் கொண்டுபோகும் தயிரையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அதன் பின்னர் கந்தளாய்க் குளக்கட்டில் தேத்தண்ணீருக்கு ஒருமுறை நிறுத்தினால், யானைப் பகுதியை முற்பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம்.